சுமக்கும் சிறு கைத்துப்பாக்கியுடன் போட்டிக் களத்தில்

அமெரிக்காவில் தற்காப்புக்காக ஆடைக்குள் மறைத்துச் சுமக்கப்படும் கைத்துப்பாக்கிகள், காவலர்களின் இடுப்பில் காணப்படும் முழு அளவுத் துப்பாக்கிகளைவிடக் குழலின் நீளத்திலும் கைப்பிடியின் உயரத்திலும் எடையிலும் குறைக்கப்பட்டவை. விற்பவர்கள் இவற்றைக் காம்பாக்ட், சப்காம்பாக்ட், மைக்ரோ காம்பாக்ட் என்று பிரித்துப் பேசினாலும், இந்தப் பெயர்களுக்குத் திட்டமான எல்லையை யாரும் வகுக்கவில்லை. 1988இல் வெளிவந்த, 102 மி.மீ. குழலும் 15 தோட்டா கொள்ளும் மேகசினும் உடைய கிளாக் 19 முதல் வகைக்கும், 1995இல் வந்த கிளாக் 26 இரண்டாம் வகைக்கும், 2018இல் வந்த, 3.1 அங்குலக் குழலில் 10 தோட்டாக்களை அடக்கிய சிக் பி365 மூன்றாம் வகைக்கும் எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கவை. இத்தகைய துப்பாக்கியை வாங்கி, உறையிலிட்டு, ஆண்டுக்கணக்கில் சுமக்கும் பலர், அதை அசையாமல் நின்று காகித இலக்கில் சுட்டதைத் தவிர வேறு எவ்வகையிலும் சோதித்ததில்லை. நடைமுறைச் சுடுபோட்டி அந்தச் சோதனைக்கு வாய்ப்பளிக்கிறது. 'பிராக்டிகல் ஷூட்டிங்' என்று அழைக்கப்படும் இவ்விளையாட்டில் போட்டியாளர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, இடம் மாறி, தடுப்புகளுக்குப் பின்னிருந்து பல இலக்குகளைச் சுட வேண்டும். அவருடைய துல்லியமும் வேகமும் ஒரே கணக்கில் அளக்கப்படும்.

இவ்வத்தியாயம் அமெரிக்கக் களங்களை மட்டுமே கருத்தில் கொள்கிறது. இந்தியச் சட்டத்தில் 9 மி.மீ. கைத்துப்பாக்கி பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது என்பதால், இங்குக் கூறப்படுபவற்றில் பெரும்பகுதி இந்தியாவில் வாழும் வாசகருக்கு அறிவுக்காகவே பயன்படும்; அமெரிக்காவில் குடியேறிய வாசகர் தம் மாநிலச் சட்டத்தைத் தெளிவாக அறிந்துகொண்ட பிறகே மேலே படிப்பது நல்லது.

போட்டி வளர்ந்த விதமும் சிறு துப்பாக்கி நுழைந்த இடமும்

நடைமுறைச் சுடுபோட்டிக்கு உலக அளவிலான அமைப்பு 1976ஆம் ஆண்டு மே மாதம், மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் நடந்த கூட்டத்தில் உருவாயிற்று. ஜெஃப் கூப்பர் முதல் தலைவராக அமைந்த அந்த அமைப்பே ஐ.பி.எஸ்.சி.; அதன் அமெரிக்கக் கிளை யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற பெயரில் இயங்குகிறது. துல்லியம், ஆற்றல், வேகம் ஆகிய மூன்றும் சமமாக மதிக்கப்பட வேண்டும் என்பது தொடக்கக் கால நோக்கமாக இருந்தது. ஆயினும் பரிசும் புகழும் வந்து சேர்ந்தபோது, துப்பாக்கிகள் சுமக்கும் கருவி என்ற நிலையிலிருந்து விலகி, குழல் முனையில் வாயுவைத் திருப்பும் துளைப்பொறியும் நீண்ட மேகசினும் ஒளிப்பார்வையும் பூண்ட பந்தயப் பொறிகளாக மாறின. 1990இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் நடந்த உலகப் போட்டியை டக் கோனிக், சிவப்புப் புள்ளிப் பார்வை பொருத்திய துப்பாக்கியால் வென்றது இம்மாற்றத்தின் தெளிவான அடையாளம். அந்தத் துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைக்க எவராலும் இயலாது.

இதற்கு மறுப்பாகவே பில் வில்சன், கென் ஹேக்கத்தார்ன் முதலியோர் 1996இல் ஐ.டி.பி.ஏ. என்ற அமைப்பைத் தொடங்கினர். அன்றாடம் சுமக்கத்தக்க துப்பாக்கி, அன்றாடம் அணியத்தக்க உறை, அதை மறைக்கும் மேலாடை, நிகழக்கூடிய தாக்குதலை ஒத்த சூழல் ஆகியவற்றை அது விதிகளாக்கியது. அப்போது நடைமுறையிலிருந்த கூட்டாட்சிச் சட்டம் 1994 முதல் 2004 வரை புதிய மேகசின்களைப் பத்துத் தோட்டாக்களுக்குள் கட்டுப்படுத்தியிருந்தது. பத்துக்கு மேல் அடைக்க முடியாதென்றால் பெரிய கைப்பிடி எதற்கு என்ற கேள்வி எழுந்ததும், உற்பத்தியாளர்கள் சிறு துப்பாக்கிகளில் முனைந்ததும் அக்காலத்தை ஒட்டி நிகழ்ந்தவை. சட்டம் காலாவதியான பின்னும் ஐ.டி.பி.ஏ. தன் முதன்மைப் பிரிவுகளில் பத்து என்ற வரம்பைக் கைவிடவில்லை. சிறு துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அந்த வரம்பு இன்றும் துணை நிற்கிறது.

எந்தப் பிரிவில் சேர்வது

ஒத்த துப்பாக்கிகள் தமக்குள் போட்டியிட வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட வகுப்பே பிரிவு எனப்படும். சிறு துப்பாக்கியுடன் வரும் புதியவர் செய்யும் பெரும்பாலான தவறுகள் முதல் குண்டு வெடிப்பதற்கு முன்பே, பதிவு மேசையில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது நிகழ்ந்துவிடுகின்றன.

ஐ.டி.பி.ஏ.வில் சி.சி.பி. என்னும் காம்பாக்ட் பிரிவு 2015இல் சேர்க்கப்பட்டது. குழல் 4 3/8 அங்குலத்துக்கு மிகாமலும், துப்பாக்கி முழுவதும் குறிப்பிட்ட அளவுள்ள சோதனைப் பெட்டிக்குள் அடங்கியும், வெற்று மேகசினுடன் எடை 38 அவுன்ஸைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கணம். மேகசின் எத்தனை கொண்டாலும் எட்டுத் தோட்டாக்களே அடைக்கப்படலாம். ஆகவே 15 கொள்ளும் கிளாக் 19 வைத்திருப்பவரும் 10 கொள்ளும் பி365 வைத்திருப்பவரும் இங்கு ஒரே நிலையில் தொடங்குகின்றனர். இதைவிடச் சிறியவற்றுக்கு பி.யு.ஜி. என்ற பிரிவு இருக்கிறது. மூன்றரை அங்குலத்துக்கு மேற்படாத குழலுடைய, இரண்டாம் துணையாகக் கணுக்காலிலோ சட்டைப்பையிலோ வைக்கப்படும் துப்பாக்கிகளுக்காக அது வகுக்கப்பட்டது, அங்கு வரம்பு ஆறு. கிளாக் 19 போன்றவை முழு அளவுத் துப்பாக்கிகளுடன் பத்துத் தோட்டா வரம்புள்ள எஸ்.எஸ்.பி. பிரிவிலும் கலந்துகொள்ளலாம். வரம்பு பத்தாக இருக்கும் இடத்தில் பதினைந்து கொள்ளும் துப்பாக்கி எதையும் இழப்பதில்லை என்பதால், புதியவருக்கு அதுவே பொருத்தமான தொடக்கம் என்று கொள்ளலாம், சி.சி.பி. பிரிவில் உள்ளூர்க் களங்களில் ஒருவரோ இருவரோ மட்டுமே பதிவு செய்திருப்பதும் உண்டு, அப்போது முதலிடம் எதையும் காட்டாது.

யு.எஸ்.பி.எஸ்.ஏ.வில் சிறு துப்பாக்கிக்கெனத் தனிப் பிரிவு இல்லை. அங்குள்ள 'கேரி ஆப்டிக்ஸ்' என்ற பிரிவின் பெயர் சுமக்கும் துப்பாக்கியைச் சுட்டினாலும், 59 அவுன்ஸ் வரை எடையை அது அனுமதிக்கிறது. அந்த எடையுள்ள இரும்பை நாள் முழுவதும் இடுப்பில் சுமப்பவர் அரிது. புள்ளிப் பார்வை பொருத்திய சிறு துப்பாக்கி அப்பிரிவில் ஒன்றேமுக்கால் கிலோவை நெருங்கும் போட்டித் துப்பாக்கிகளுடன் மோத நேரும் என்பதை முன்கூட்டியே அறிந்து செல்ல வேண்டும். இவ்விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பதிவுக்கு முன் நடப்பு விதிநூலைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

மதிப்பெண் கணக்கு என்ன கேட்கிறது

யு.எஸ்.பி.எஸ்.ஏ.வில் பெற்ற புள்ளிகளைச் செலவழித்த விநாடிகளால் வகுத்து வருவது 'ஹிட் ஃபேக்டர்'. இலக்கின் 'ஏ' பகுதிக்கு 5 புள்ளி, 9 மி.மீ. போன்ற குறைந்த ஆற்றல் தோட்டாவுக்குச் 'சி' பகுதியில் 3, 'டி' பகுதியில் 1. ஐ.டி.பி.ஏ.வில் வகுத்தல் கிடையாது. சுட்ட நேரத்தோடு இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு விநாடி கூட்டப்படுகிறது. 2017க்கு முன் அது அரை விநாடியாகவே இருந்தது. இருமடங்காக்கப்பட்ட அந்தத் தண்டனை சிறு துப்பாக்கியாளருக்கு எதிரானதுபோலத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் அவ்வாறில்லை.

போட்டியின் தனித்தனிச் சுற்று ஒவ்வொன்றும் கட்டம் (ஸ்டேஜ்) எனப்படும். பன்னிரண்டு குண்டுகள் கொண்ட ஒரு கட்டத்தை ஒருவர் 9 விநாடியில் முடித்து, எட்டை 'ஏ'விலும் நான்கை 'சி'யிலும் இட்டதாகக் கொள்வோம். யு.எஸ்.பி.எஸ்.ஏ. முறையில் 52 புள்ளியை 9ஆல் வகுக்க 5.78 வரும். ஐ.டி.பி.ஏ. இலக்கில் அதற்கு ஈடாக நான்கு புள்ளி இழந்தால் மொத்தம் 13 விநாடி. அவரே ஒவ்வொரு குண்டுக்கும் பத்தில் ஒரு பங்கு விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் நடுப்பகுதியிலேயே இட்டால், முதல் முறையில் 60ஐ 10.2ஆல் வகுக்க 5.88 ஆகிறது, முன்னேற்றம் மிகச் சிறிது. இரண்டாம் முறையில் 13 விநாடி 10.2 ஆகச் சுருங்கிவிடுகிறது. சிறு துப்பாக்கி வேகத்துக்கு இடம் கொடாவிட்டாலும் பொறுமைக்கு இடம் கொடுக்கும். அந்தப் பொறுமைக்கு ஐ.டி.பி.ஏ. கணக்கில் கிடைக்கும் விலை மிகுதி. முதல் சில போட்டிகளை அங்கு ஆடுவது நல்லது என்று இந்நூல் பரிந்துரைப்பதற்கு மேலாடை விதியைவிட இந்தக் கணக்கே முதன்மையான காரணம்.

இழப்பு எங்கே நிகழ்கிறது

குழல் குறுகியதால் குறி தவறும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைப்பட்ட தொலைவு குறையக் குறைய, கண்ணின் அதே அளவுப் பிழை இலக்கில் பெரிதாகத் தெரியும் என்பது வடிவியல் உண்மைதான். ஆனால் எவ்வளவு பெரிதாக என்று அளந்து பார்ப்பவர் குறைவு. முன்குறி அரை மில்லிமீட்டர் விலகி நிற்பதாக வைத்துக்கொண்டால், 10 மீட்டர் தொலைவில் குறிகளிடையே 165 மி.மீ. உடைய கிளாக் 17இல் குண்டு ஏறத்தாழ 30 மி.மீ. விலகும், 153 மி.மீ. உடைய கிளாக் 19இல் 33 மி.மீ.; 130 மி.மீ. மட்டுமே உள்ள ஒரு மிகச் சிறிய துப்பாக்கியில் 38 மி.மீ. ஐ.டி.பி.ஏ. இலக்கின் நடுவட்டம் 8 அங்குலம், அதாவது 203 மி.மீ. குறுக்களவு கொண்டது. அந்த வட்டத்துக்குள் எட்டு மில்லிமீட்டர் வேறுபாட்டைக் காரணம் காட்டுவது பொருந்தாது. தலைப் பகுதியிலுள்ள 4 அங்குல வட்டத்திலோ தொலைவான எஃகு இலக்கிலோ மட்டுமே அது உணரப்படும்.

உண்மையான இழப்பு கைப்பிடியில் இருக்கிறது. குட்டையான கைப்பிடியில் சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் அது மேகசின் அடித்தட்டின் கீழே மடங்கிவிடும். பிடியின் வலுவில் பெரும்பங்கு கீழ் விரல்களிலிருந்து வருவதால், அந்த ஒரு விரலின் இழப்பு பின்னுதைப்பின்போது குழல் எழும் உயரத்திலும், அது மீண்டும் இலக்குக்குத் திரும்பும் காலத்திலும் வெளிப்படும். எடையும் இதனுடன் சேர்கிறது: வெற்று மேகசினுடன் கிளாக் 19 சுமார் 670 கிராம், பி365 சுமார் 500 கிராம், இரண்டும் வெடிப்பதோ ஒரே 9 மி.மீ. தோட்டாவை. மணிக்கட்டு தளர்ந்த பிடியில் இலகுவான துப்பாக்கி பின்னோக்கிச் சாய்ந்துகொடுப்பதால், குழலின்மேல் முன்பின் நகரும் ஸ்லைடு தன் முழு ஓட்டத்தை ஓடாமல் நின்று, வெற்றுக் கூடு வெளியேறாமல் சிக்கிக்கொள்ளவும் கூடும். விரல் தாங்கியுள்ள அடித்தட்டைப் பொருத்துவது எளிய தீர்வு. அது சோதனைப் பெட்டியின் உயர அளவை மீறுகிறதா என்று பார்த்துக்கொள்வது மட்டும் கட்டாயம்.

பிடி உறையிலேயே உருவாகிறது என்பதும் இங்குக் கூடுதல் பொருள் பெறுகிறது. பெரிய துப்பாக்கியில் சற்றுப் பிசகிப் பிடித்தாலும் இலக்கை நோக்கிச் செல்லும் வழியில் உள்ளங்கை தன்னைச் சரிசெய்துகொள்ளும். இரண்டரை விரலுக்கே இடமுள்ள கைப்பிடியில் அந்தத் திருத்தம் பிடியை முழுவதும் விட்டுப் பிடிப்பதாகவே முடியும். துணைக் கையின் நிலையும் கவனிக்கத்தக்கது. நீண்ட துப்பாக்கிக்குப் பழகிய கட்டைவிரல், குழல் மூன்றே அங்குலமாகும்போது முனைக்கு மிக அருகில் போய் நிற்கும். அதன் நுனி எப்போதும் சட்டகத்தின் எல்லைக்குள் இருக்குமாறு வெறும் துப்பாக்கியிலேயே பலமுறை பார்த்துப் பழகாமல் களத்தில் இறங்கக்கூடாது.

இதே கட்டைவிரலால் வேறொரு தொல்லையும் உண்டு. கடைசித் தோட்டா வெடித்ததும் ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி வைக்கும் சிறு நெம்புகோல், ஸ்லைடு ஸ்டாப், குட்டைச் சட்டகத்தில் கட்டைவிரல் படியும் இடத்திலேயே அமைந்துவிடுகிறது. விரல் அதன்மேல் அழுத்தினால் மேகசின் தீர்ந்தும் ஸ்லைடு முன்னால் மூடிக்கொள்ளும். போட்டியாளர் விசையை இழுக்கும்போது 'கிளிக்' என்ற ஓசையே பதிலாக வரும். அதன்பின் கோளாறா, காலியா என்று முடிவெடுப்பதற்கே ஒரு விநாடி போய்விடும். மாறாக, விரல் கீழிருந்து தட்டினால் தோட்டா மிச்சமிருக்கும்போதே ஸ்லைடு திறந்து நின்றுவிடும். துப்பாக்கி பழுதென்று பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்வதற்கு முன், வேறொருவர் அதைச் சுடும்போதும் அப்படி நிகழ்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் காரணம் விளங்கிவிடும்.

மேகசின் மாற்றத்தில் நேரும் இழப்பைத் துல்லியமாகவே சொல்லலாம். குட்டைக் கைப்பிடியின் அடிவாய் வலக்கையின் அடியங்கையால் பாதி மூடப்பட்டிருக்கும். வழக்கம்போலப் புதிய மேகசினைத் தட்டிச் செருகினால், அடித்தட்டுக்கும் சட்டகத்துக்கும் நடுவே உள்ளங்கைத் தோல் கிள்ளப்பட்டு, மேகசினும் பூட்டாமல் நிற்கும். பிடித்திருக்கும் கையின் கீழ் விரல்களைச் சற்று அகற்றி, உள்ளங்கையின் அடிப்பகுதியை வெளிப்புறம் திருப்பிக்கொண்டு செருக வேண்டும். புதிய மேகசின் பூட்டிய பிறகே விரல்கள் மீண்டும் மூடலாம். இந்தச் சிறு அசைவு முழு அளவுத் துப்பாக்கியில் தேவைப்படாததால், அதில் பழகியவர்கள் முதல் நாளில் இதை மறந்துவிடுகின்றனர்.

மாற்றங்களின் எண்ணிக்கையை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். ஐ.டி.பி.ஏ. கட்டம் ஒன்றில் உச்ச அளவு 18 குண்டு. சி.சி.பி. பிரிவில் அறையில் ஒன்றும் மேகசினில் எட்டுமாகத் தொடங்குபவர் ஒரு மாற்றத்துடன் 17 வரை சுடலாம். பதினெட்டாவது ஒன்றுக்காக இரண்டாம் மாற்றம் வேண்டியிருக்கும். எஸ்.எஸ்.பி. பிரிவில் அதே கட்டம் ஒரே மாற்றத்தில் முடிந்து மூன்று தோட்டா மிஞ்சும். யு.எஸ்.பி.எஸ்.ஏ.வின் நீண்ட கட்டம் 32 குண்டு வரை செல்லும். கிளாக் 19இன் 16ஐயும் 15ஐயும் கூட்டினால் 31, பி365இன் 11ஐயும் இரண்டு பத்துகளையும் கூட்டினாலும் 31. இரண்டுமே ஒன்று குறைவில் நின்றுவிடுவது தற்செயல்தான் என்றாலும், கட்டத்தைச் சுற்றி நடந்து திட்டமிடும்போது நினைவில் வைக்கத்தக்கது. கிளாக் 17இன் நீண்ட மேகசின் கிளாக் 19இலும் பொருந்தும் என்பதால் வரம்பற்ற பிரிவுகளில் அதைப் பயன்படுத்தி இந்தக் குறையை நீக்கலாம்; அடைக்கும் அளவுக்கு வரம்புள்ள பிரிவுகளில் அதனால் பயனில்லை. யு.எஸ்.பி.எஸ்.ஏ.வில் ஓரிடத்தில் நின்று எட்டுக்கு மேற்பட்ட புள்ளிக் குண்டுகளைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்ற விதி சிறு துப்பாக்கியாளருக்குச் சாதகமானது: ஓர் இடத்தில் எட்டைச் சுட்டதும் அடுத்த இடத்துக்கு நகரும் அடிகளிலேயே மேகசினை மாற்றினால், நடந்தே ஆக வேண்டிய நேரத்துக்குள் மாற்றமும் மறைந்துவிடும். நின்ற இடத்தில் மாற்றுபவருக்கே முன்சொன்ன எடுத்துக்காட்டில் 1.8 விநாடி சேர்ந்து 5.78 என்பது 4.81 ஆகும்.

ஐ.டி.பி.ஏ.வில் இந்தச் சுதந்திரம் குறைவு. தோட்டா மிச்சமுள்ள மேகசினைத் தரையில் போட்டுவிட்டுச் சென்றால் தண்டனை உண்டு. முழுவதும் தீரும்வரை சுட வேண்டும், இல்லையேல் பாதியுள்ளதைப் பையிலோ இடுப்பிலோ பத்திரப்படுத்திக்கொண்டு மாற்ற வேண்டும். எட்டே உள்ள மேகசினில் எண்ணிக்கை தவறினால், தடுப்புக்கு வெளியே தலை நீட்டியிருக்கும்போதே ஸ்லைடு திறந்து நிற்கும்.

ஆற்றல் எண்ணும் தோட்டாவும்

குண்டின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை விநாடிக்கு அடிகளிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது 'பவர் ஃபேக்டர்' எனும் ஆற்றல் எண். பெரும்பாலான 9 மி.மீ. பிரிவுகளில் அது 125க்குக் குறையக்கூடாது. முழுத் துப்பாக்கியாளர் இதைப்பற்றிக் கவலைப்படுவதில்லை. சிறு துப்பாக்கியாளர் கவலைப்பட வேண்டும். பெட்டியில் அச்சிடப்படும் வேகம் பெரும்பாலும் 4 அங்குலச் சோதனைக் குழலில் அளக்கப்பட்டது. 115 கிரெய்ன் குண்டு அங்கு 1,150 அடி வேகம் காட்டினால் எண் 132, 3.1 அங்குலக் குழலில் அது 1,070க்கு இறங்கினால் எண் 123 ஆகி வரம்புக்குக் கீழே போய்விடும். பெரிய போட்டிகளில் வேகமானி வைத்து அளப்பார்கள். வரம்பை எட்டாத யு.எஸ்.பி.எஸ்.ஏ. போட்டியாளர் மதிப்பெண் இன்றித்தான் தொடர முடியும். ஆகவே தோட்டாவைத் தம் துப்பாக்கியிலேயே அளந்து, குறைந்தது ஐந்து எண் கூடுதலாக இருக்குமாறு தேர்ந்தெடுக்க வேண்டும். 147 கிரெய்ன் குண்டு 851 அடி வேகத்திலேயே 125ஐ எட்டிவிடும். அதன் உதைப்பு பலருக்கு மென்மையாகத் தோன்றுவதால் சிறு துப்பாக்கியில் அதை முதலில் முயல்வது தகும்.

உறையும் மேலாடையும்

உறை விசைக்காப்பை முழுவதும் மூட வேண்டும், துப்பாக்கி வெளியே இருக்கும்போதும் வாய் குவியாமல் விரிந்து நிற்க வேண்டும், ஓடும்போது துப்பாக்கி நழுவக்கூடாது. இம்மூன்றையும் நிறைவேற்றாத மெல்லிய துணி உறைகளைக் களத்தில் ஏற்கமாட்டார்கள், அன்றாடச் சுமப்புக்கும் அவை தகாதவை. வயிற்றின் முன்பக்கம் உறையை அணிவது எல்லாக் களங்களிலும் அனுமதிக்கப்படுவதில்லை. அதில் பழகியவர் போட்டி நடத்துபவரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூடிய சட்டையாக இருந்தால் துணைக் கை விளிம்பைப் பற்றி மார்பு உயரத்துக்கு இழுத்துப் பிடிக்க, வலக்கை கீழிறங்கிப் பிடியைப் பற்றும். முன்புறம் திறந்த அங்கியாக இருந்தால் விரல் நுனிகள் அதைப் பின்னோக்கி விலக்கிச் செல்லும். கட்டம் முடிந்து திருப்பி உறையிலிடும்போது எவரும் நேரத்தை அளப்பதில்லை. அங்கியின் விளிம்போ, இழுகயிற்றின் முடிச்சோ விசைக்காப்புக்குள் நுழைந்து விசையை அழுத்துவது இந்த விளையாட்டில் நிகழும் பெருங்காயங்களுக்கான வழி என்பதால், கண்ணால் உறையைப் பார்த்து, துணியை முழுவதும் விலக்கி, மெதுவாகச் செருகுவதே முறை. இழுகயிறுள்ள மேலாடையைப் போட்டிக்கு அணியாமலிருப்பது இன்னும் எளிது.

களத்தின் ஒழுங்கு

நடைமுறைச் சுடுகளங்கள் 'கோல்ட் ரேஞ்ச்' என்னும் விதியில் இயங்குகின்றன: அதிகாரியின் கட்டளை இல்லாதபோது எல்லாத் துப்பாக்கியும் தோட்டா அற்றிருக்க வேண்டும். துப்பாக்கியை எடுத்துப் பார்க்க ஒதுக்கப்பட்ட பாதுகாப்பு மேசையில் தோட்டாவைக் கையால் தொடுவதே தகுதிநீக்கத்துக்கு உரிய குற்றம். சுமப்பவருக்கு இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. அவர் வழக்கம்போல நிரம்பிய துப்பாக்கியுடன் வந்து இறங்கினால், அதைப் பாதுகாப்பு மேசையில் காலி செய்ய முடியாது, களத்துக்குள் நிரம்பிய நிலையில் நடக்கவும் முடியாது. வீட்டிலேயே காலி செய்து பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது ஒரு வழி. இல்லையென்றால் வந்ததும் துப்பாக்கியைத் தொடாமல் அதிகாரியிடம் சொல்லி, அவர் காட்டும் மண்மேட்டை நோக்கி, அவர் கண்முன் காலி செய்ய வேண்டும்.

கட்டத்தில் 'மேக் ரெடி' என்ற கட்டளைக்குப் பிறகே தோட்டா அடைக்கப்படும். 'ஆர் யூ ரெடி', 'ஸ்டேண்ட் பை' என்ற சொற்களை அடுத்து டைமரின் ஒலி கேட்கும். முடிந்ததும் காலி செய்து அறையைக் காட்டச் சொல்லும் கட்டளை வரும். மேகசினை முதலில் எடுத்துவிட்டு, பின்பே ஸ்லைடை இழுத்து அறையிலுள்ள தோட்டாவை வெளியேற்ற வேண்டும். குழல் முனை எப்போதும் பின்மேட்டை நோக்கிய அரைவட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்ற '180 பாகை' விதியில் குறுங்குழல் கூடுதல் எச்சரிக்கை கேட்கிறது. துப்பாக்கி சிறியதாகவும் இலகுவாகவும் இருப்பதால் மணிக்கட்டு எளிதில் மடங்கி, இடப்பக்கம் ஓடும் வலக்கைக்காரரின் முனை மேகசின் மாற்றும்போது எல்லையைத் தாண்டிவிடும்.

போட்டி முடிந்த பின்

சுமக்கும் துப்பாக்கியை மெல்ல மெல்லப் போட்டித் துப்பாக்கியாக மாற்றும் ஆசை சில போட்டிகளுக்குப் பின் எழும்: விசையின் எடையைக் குறைப்பது, அடிவாயில் அகன்ற புனல் பொருத்துவது, பெரிய பொத்தான்கள் வைப்பது. அகன்ற புனல் சட்டைக்கு வெளியே துருத்தும். இலகுவாக்கிய விசை உறையிலிடும்போது ஆபத்தைக் கூட்டும். அந்த ஆசை வலுத்தால் தனியே ஒரு முழு அளவுத் துப்பாக்கியை வாங்குவதே சிக்கனம். அடித்தட்டு, குறிகளின் நிறம், கைப்பிடியின் சொரசொரப்பு ஆகிய மூன்றில் மட்டும் மாற்றம் செய்து, மற்றவற்றை வாங்கியபடியே விடுவது இந்நூலின் பரிந்துரை.

போட்டிக்கென்று தனி மேகசின்களை ஒதுக்கி, அடித்தட்டில் வண்ணத்தால் எண்ணிட வேண்டும். மண்ணிலும் சரளைக்கல்லிலும் விழுந்து உதடு வளைந்த மேகசின் அன்றாடச் சுமப்புக்குத் திரும்பக்கூடாது. சிறு துப்பாக்கியின் மீள்சுருள் குறுகிய ஓட்டத்தில் அதிக விசையைத் தாங்குவதால் விரைவில் தளரும்; தயாரிப்பாளர் கையேட்டில் குறித்த எண்ணிக்கையை ஒரு குறிப்பேட்டில் கணக்கு வைத்து மாற்றுவது பொதுவான வழக்கம்.

வீடு திரும்பும் வழியில் துப்பாக்கி காலியாக இருக்கிறது என்பதையும், அதைத் தற்காப்புத் தோட்டாவுடன் மீண்டும் நிரப்ப வேண்டும் என்பதையும் மறப்பவர் உண்டு. களத்தின் எல்லையைத் தாண்டிய பிறகு, வேறு எவரும் இல்லாத பாதுகாப்பான இடத்தில் அது செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு வாரமும் அதே மேல் தோட்டாவை அறையில் ஏற்றி இறக்கினால் குண்டு கூட்டுக்குள் சிறிது சிறிதாக அமிழ்ந்து, வெடிக்கும்போது அழுத்தம் கூடும். ஆகவே இறக்கிய தோட்டாவைப் பெட்டியிலுள்ள புதியதன் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிட வேண்டும். குட்டையாகத் தெரிவதைச் சுடக்கூடாது, களத்தின் கழிவுத் தோட்டாப் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.